கல் மிதந்ததா? தேவாரம் சொல்வதும் புராணம் சொல்வதும்

கடலூரை அடுத்துக் கரையேறவிட்ட குப்பம் என்று ஓர் ஊர் இருக்கிறது. கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட திருநாவுக்கரசர் என்னும் அப்பர் அந்தக் கல்லையே தெப்பமாகக் கொண்டு மிதந்து வந்து கரையேறிய இடம் அதுவென்று சொல்கிறார்கள். ஆண்டுதோறும் சித்திரையில் அங்கே விழாவும் நடக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, கல் எப்படி மிதக்கும் என்று கேட்கும்போது பெரியவர்களிடமிருந்து இரண்டு பதில்கள்தாம் வருகின்றன. இறைவன் நினைத்தால் எதுவும் நடக்கும், கேள்வி கேட்காதே என்பது ஒன்று. அது உருவகம், கல் என்பது ஆணவ மலம், கடல் என்பது பிறவிக் கடல் என்பது மற்றொன்று. சைவக் குடும்பத்தில் பிறந்து, திருமுறையை ஓதியும் கேட்டும் வளர்ந்த எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. முதல் பதில் கேள்வியை அடக்குகிறது. இரண்டாவது பதில், சங்கடமான கேள்வியிலிருந்து நழுவுவதற்காகச் செய்யப்பட்டது போல எனக்குப் படுகிறது. ஏனென்றால் கதையில் வரும் எல்லாவற்றையும் யாரும் உருவகம் என்று சொல்வதில்லை. நம்ப முடியாததை மட்டுமே சொல்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு விடை தேட வேறொரு வழி இருக்கிறது. நாயன்மார்களில் சிலர் தாமே பாடியவை நம் கையில் இருக்கின்றன. அப்பரும் சம்பந்தரும் 7ஆம் நூற்றாண்டினர். அவர்களுடைய வாழ்க்கையைப் பெரிய புராணத்தில் விரிவாகச் சொல்லும் சேக்கிழார், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர், 12ஆம் நூற்றாண்டினர். இடையில் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள். அற்புதம் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுகிறவரின் வாக்கே கிடைத்திருக்கும்போது, அவர் என்ன சொன்னார், பின்னால் வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று பிரித்துப் பார்ப்பதற்கு என்ன தடை?

கல் மிதந்த கதைக்கு எல்லோரும் காட்டும் பாட்டு, நமச்சிவாயப் பதிகத்தின் முதல் பாட்டு.

சொற்றுணை வேதியன் சோதி வானவன்
பொற்றுணைத் திருந்தடி பொருந்தக் கைதொழக்
கற்றுணைப் பூட்டியோர் கடலில் பாய்ச்சினும்
நற்றுணை யாவது நமச்சி வாயவே.

கடலில் பாய்ச்சினும் துணையாவது நமச்சிவாயமே என்கிறார். பாய்ச்சினார்கள், நான் மிதந்தேன் என்று இங்கே சொல்லவில்லை. இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, அப்பர் ஒரு பேச்சுக்குச் சொன்னதைப் பின்வந்தவர்கள் நிகழ்ச்சியாக்கிவிட்டார்கள் என்று முடித்துவிடுவது எளிது. பகுத்தறிவு பேசுகிற நண்பர்கள் சிலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஐந்தாம் திருமுறையில் உள்ள திருநீலக்குடிப் பதிகத்தைப் படிப்பதில்லை. அங்கே அப்பர், “கல்லினோ டெனைப்பூட்டி அமண்கையர் ஒல்லை நீர்புக நூக்க” என்று தொடங்கி, நீலக்குடி அரனின் நல்ல நாமத்தை நவிற்றி “உய்ந்தேனன்றே” என்று முடிக்கிறார். தன்மையில், இறந்த காலத்தில், ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லப்பட்ட வாக்கு இது. இந்தப் பாட்டைப் பிற்சேர்க்கை என்று தள்ளிவிடலாமே என்று தோன்றலாம். நமக்கு ஒவ்வாத பாட்டையெல்லாம் அப்படித் தள்ளத் தொடங்கினால், பிறகு நாம் செய்வதற்கு ஆராய்ச்சி என்று பெயரில்லை.

ஆகவே நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். தம்மைக் கல்லில் கட்டி நீரில் தள்ளினார்கள் என்றும், சிவநாமத்தைச் சொல்லித் தாம் பிழைத்ததாகவும் அப்பர் உண்மையாகவே நம்பினார். சமணத்தை விட்டுச் சைவத்துக்கு மாறியதற்காக அவர் துன்புறுத்தப்பட்டார் என்பதையும், உயிர் தப்பினார் என்பதையும் ஏற்க எனக்குத் தயக்கமில்லை. “நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்” என்று ஒருவர் பாடுகிறார் என்றால் அந்த வீறாப்புக்குப் பின்னால் மெய்யாகவே ஓர் அதிகாரம் நின்று மிரட்டியிருக்க வேண்டும். எப்படிப் பிழைத்தார் என்பதை அவர் சொல்லவில்லை. கல் தெப்பமாக மிதந்தது என்பதும், அது திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதும் புராணம் தருபவை. நீற்றறைக் கதையும் இத்தகையதே. சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்து வைத்தபோது பாடியதாகச் சொல்லப்படும் “மாசில் வீணையும் மாலை மதியமும்” என்ற பாட்டில் நீற்றறை என்ற பேச்சே இல்லை. வீணை இருக்கிறது, நிலவு இருக்கிறது, தென்றலும் இளவேனிலும் வண்டு மொய்க்கும் பொய்கையும் இருக்கின்றன. அவ்வளவு குளிர்ச்சியை அவ்வளவு கொடிய வெம்மைக்குள் வைத்துப் பார்த்தவர்கள் பின்னால் வந்த அன்பர்கள். வைத்துப் பார்த்தது எத்தனை பெரிய கற்பனை என்பதில் எனக்கு வியப்புதான். ஆனால் அது அவர்களுடையது.

திருவையாற்றுப் பதிகம் இன்னும் நுட்பமானது. கயிலையைக் காண உடல் தேயத் தவழ்ந்து சென்ற அப்பரை, இறைவன் அங்கிருந்த பொய்கை ஒன்றில் மூழ்கச் சொல்ல, அவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார் என்பது புராணம். ஆடி அமாவாசையில் இன்றும் ஐயாற்றில் அப்பர் கயிலைக் காட்சி விழா நடக்கிறது; காவிரிக் கரை கூட்டத்தால் நிரம்பிவிடும். பதிகத்தில் பொய்கை இல்லை. மலர்களையும் நீரையும் சுமந்துகொண்டு கோயிலுக்குள் புகுகிற அடியார்களின் பின்னால் தாமும் புகுவதாக அவர் பாடுகிறார். “யாதும் சுவடு படாமல் ஐயாறு அடைகின்ற போது” என்று ஓர் அடி வருகிறது. தடம் பதியாமல் வந்து சேர்ந்தார் என்ற அந்த ஒற்றை அடியிலிருந்துதான் குளத்தில் மூழ்கி எழுந்த கதை கிளைத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஆனால் பதிகம் எதைக் கண்டதாகச் சொல்கிறது? “காதல் மடப்பிடியோடும் களிறு வருவன கண்டேன்” என்கிறது. அடுத்தடுத்த பாட்டுகளில் கோழியும் பெடையும், குயிலும் பேடையும், மயிலும் பேடையும் இணை இணையாக வருகின்றன. ஒவ்வொரு பாட்டும் “கண்டேன் அவர்திருப் பாதம் கண்டறியாதன கண்டேன்” என்று முடிகிறது. யானையையும் கோழியையும் அவர் அதற்கு முன் கண்டதில்லையா? வாழ்நாளெல்லாம் கண்டவற்றில் அன்றுதான் அம்மையப்பரைக் கண்டார். இமயத்தில் மூழ்கிக் காவிரிக் கரையில் எழுவதைவிட இது எனக்குப் பெரிய அற்புதமாகத் தெரிகிறது. பொய்கைக் கதையை எழுத்துக்கு எழுத்து நம்பியே தீர வேண்டும் என்கிறவர்கள், பதிகம் கண்டதைக் காணாமல் போய்விடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

கதைகள் எப்படி வளர்ந்தன என்பதைத் தடம் பிடிக்கச் சைவத்தில் இன்னொரு வசதியும் உண்டு. அடியார்களின் பட்டியலை முதலில் தந்தவர் சுந்தரர். அவருடைய திருத்தொண்டத் தொகை பதினொரே பாட்டு. பெரும்பாலும் ஓர் அடியாருக்கு ஒரு பெயரும் ஓர் அடைமொழியுமே கிடைக்கும். அடுத்து நம்பியாண்டார் நம்பி, ஒருவருக்கு ஒரு பாட்டு என்ற அளவில் விரித்தார். அதற்கும் அடுத்துச் சேக்கிழார் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் காவியமாக்கினார். மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தால் கதை வளர்வது கண்ணுக்குத் தெரிகிறது. காரைக்கால் அம்மையாரைச் சுந்தரர் “பேயார்” என்ற ஒரே பெயரால் வணங்கிவிட்டு நகர்கிறார். நம்பியின் பாட்டில், சிவன் வீற்றிருக்கும் மலையைக் காலால் மிதியேன் என்று அவர் தலையால் நடந்து ஏறியதும், இறைவன் அவரை ‘அம்மை’ என்றதும் வந்துவிடுகின்றன. மாங்கனி அங்கும் இல்லை. கணவன் பரமதத்தன், அவன் அனுப்பிய இரண்டு மாங்கனிகள், ஒன்றை அடியார்க்கு இட்டது, இறையருளால் இன்னொன்று கைக்கு வந்தது ஆகிய எல்லாம் சேக்கிழாரிடம்தான். அம்மையாரின் சொந்தப் பாட்டுகளிலோ முள்ளும் கள்ளியும் மண்டிய சுடுகாடும், நரம்பு எழுந்து வயிறு குழிந்த பேயும், அங்கே ஆடும் அப்பனுமே இருக்கிறார்கள். காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து வீசப்படும் கனியைப் பிடிக்க நானும் கை நீட்டியிருக்கிறேன், இனியும் நீட்டுவேன். அம்மையார் என்ற புலவரை அறிந்துகொள்ள அந்தக் கனி எனக்கு உதவவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் யாருக்கும் பெரிய சேதம் இல்லை. கல் மிதந்தது என்று நம்புகிறவர் நம்பிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். கதையில் வேறொருவர் விலை கொடுக்கும் இடங்களில் அப்படி விட்டுவிட முடிவதில்லை.

திருநாளைப் போவார் என்னும் நந்தனார் கதை அத்தகையது. சுந்தரர் “செம்மையே திருநாளைப் போவார்க்கும் அடியேன்” என்கிறார். செம்மை என்பதைத் தவிர அவர் வேறு எதையும் கேட்கவில்லை. குலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நம்பியிடம் “புன்புலை போய்” என்பது சேர்ந்துவிடுகிறது; தில்லை மூவாயிரவர் கைகூப்ப அவர் முனியானார் என்கிறார். நெருப்பு அங்கேயும் இல்லை. சேக்கிழாரில்தான் இறைவன் கனவில் தோன்றி, “இப்பிறவி போய்நீங்க எரியினிடை நீமூழ்கி முப்புரிநூல் மார்பருடன் முன்னணைவாய்” என்று ஆணையிடுகிறார். தில்லைவாழ் அந்தணர் தீ வளர்க்கிறார்கள். நந்தனார் அதில் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்து, அம்பலத்தின் முன் சென்று, பிறகு யார் கண்ணுக்கும் தெரியாமல் மறைகிறார்.

இதை எழுத்துக்கு எழுத்து ஏற்பவர் எதையெல்லாம் ஏற்கிறார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அன்பே வடிவான இறைவனுக்கும், ஒருவன் பிறந்த உடம்பு எரிந்து போனால்தான் அவனைச் சந்நிதிக்குள் விட முடிந்தது என்று அவர் ஏற்கிறார். உருவகம் என்பவரின் நிலையும் மேலானதல்ல. தீ என்பது ஞானத் தீ என்று அவர் சொன்னாலும், எரிக்கப்பட வேண்டிய மலமாக ஒரு குலத்தின் பிறப்பு நிற்பது அப்படியே இருக்கிறது. அந்தத் தீயில் ஒரு மனிதனைக் கொன்றிருப்பார்கள் என்று படிப்பவர்களும் தமிழகத்தில் உண்டு. அதற்கு நேர்ச் சான்று கிடையாது. ஆனால், கோயிலுக்குள் போக விரும்பிய ஒருவன் தீக்குள் போனான், பிறகு அவனை யாரும் காணவில்லை என்று ஒரு கதை சொன்னால், கேட்கிறவர் மனத்தில் அந்த ஐயம் எழுவது குற்றமாகாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இதைக் கீர்த்தனையாக்கியபோது, பண்ணையாள் நந்தனைத் தில்லைக்குப் போகவிடாமல் தடுக்கும் வேதியர் ஒருவரைச் சேர்த்தார். அந்த வேதியர் பெரிய புராணத்தில் இல்லாதவர். புராணம் அறிந்த புலவர்கள் அதற்காகக் குறைபட்டதும் உண்டு. ஊரோ பாரதியாரின் நந்தனையே ஏற்றுக்கொண்டது. இன்று நந்தனார் கதை என்று மக்கள் சொல்வதில் பாதி அவர் கட்டியது. தில்லைக்குப் போகத் துடித்தவனைத் தடுத்த மனிதனின் முகத்தைக் காட்டியதில், மூலத்தை மீறிய அந்தக் கதை, மூலத்தைவிட உண்மைக்கு அருகில் வந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்தது மதுரை. சம்பந்தர் திருநீறு பூசிப் பாண்டியனின் வெப்பு நோயைத் தீர்த்தார். நெருப்பிலிட்ட அவருடைய ஏடு வேகவில்லை. வையையில் இட்ட ஏடு எதிர்நீச்சலிட்டுத் திருவேடகத்தில் போய் நின்றது. தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறினர். நான்கும் ஒரே கதையின் நான்கு பகுதிகள். மேடைகளில் முதல் மூன்றை வரலாறு போல முழங்கிவிட்டு, நான்காவது வந்ததும் “அது உருவகம், எண்ணாயிரம் தீய குணங்கள்” என்று சொற்பொழிவாளர்கள் குரலைத் தாழ்த்துவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இது நேர்மையில்லை. ஏடு எதிரேறியது நடந்தது என்றால் கழுவேற்றமும் நடந்ததுதான்; கழுவேற்றம் கதை என்றால் ஏட்டையும் கதை என்று சொல்லும் துணிவு வேண்டும்.

பதிகங்களைப் பார்த்தால், ஏடு சென்று அணைந்த செய்தி திருவேடகப் பதிகத்திலேயே இருக்கிறது. ஆலவாய்ப் பதிகத்தில் சம்பந்தர் “வாதில் வென்றழிக்கத் திருவுள்ளமே” என்று இறைவனிடம் கேட்கிறார். சமணரையும் தேரராகிய பௌத்தரையும் அவர் கடுமையாகவே ஏசுகிறார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கழுமரம் அவர் பாட்டில் இல்லை. அது நம்பியாண்டார் நம்பியின் காலத்தில் வருகிறது. சேக்கிழார், வாதில் தோற்றால் கழுவேற்றலாம் என்று சமணர்களே சொன்னதாக அமைத்து, சம்பந்தருக்குப் பகையில்லை எனினும் சைவர் மடத்துக்குச் சமணர் தீ வைத்த குற்றத்தால் அவர் விலக்காமல் இருந்தார் என்று காரணமும் காட்டுகிறார். இவ்வளவு சமாதானம் சொல்ல வேண்டியிருந்ததே, அவருக்கும் அந்த இடம் உறுத்தியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

கல்வெட்டுகளும் இருக்கின்றன. மதுரையை அடுத்த கீழக்குயில்குடிச் சமணர் மலையிலும் சுற்றியுள்ள குன்றுகளிலும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் சம்பந்தருக்குப் பிந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கழுகுமலைச் சிற்பங்களும் அப்படியே. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் சித்தன்னவாசல் சமணக் குடைவரையைப் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. மதுரைச் சமணம் கழுமரத்தோடு முடிந்துபோயிருந்தால், இருநூறு ஆண்டுகள் கழித்து மதுரையிலிருந்து ஒரு சமண ஆசிரியர் எப்படி வந்தார்? வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி கழுவேற்றத்தை வரலாறாக ஏற்கவில்லை. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆனாலும், நடக்காத படுகொலை ஒன்றைத் தம் வெற்றியாகப் பாடிக்கொள்ள ஒரு சமூகத்துக்கு மனம் வந்ததே என்ற கேள்வியைச் சைவர்களாகிய நாம் எதிர்கொண்டதில்லை. உருவகம் என்ற சமாதானம் அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பக்தரும் நாத்திகரும் இந்தக் கதைகளை ஒரே முறையில்தான் படித்துவந்திருக்கிறார்கள். 1943இல் கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் கொளுத்தலாமா என்று அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் சென்னையிலும், அண்ணாவும் சோமசுந்தர பாரதியாரும் சேலத்திலும் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் எழுப்பப்பட்ட சமூகக் கேள்விகள் மெய்யானவை. அவற்றுக்கு இன்றும் முழு விடை சொல்லப்படவில்லை. ஆனால் அதன்பின் ஊருக்கு ஊர் எழுந்த மேடைகளில், கல் மிதக்குமா, முதலை விழுங்கிய பிள்ளை திரும்பி வருமா என்ற கேலியும், ஏன் வராது என்ற வீம்புமே மிஞ்சின. அவிநாசிப் பதிகத்தில் சுந்தரர், “கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே” என்று இறைவனிடம் முறையிடுகிறார். முறையீடு மட்டுமே பதிகத்தில் இருக்கிறது. பிள்ளை வந்ததா என்பது அதில் இல்லை. யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைக்காக, காலனுக்கே உத்தரவு போடு என்று இறைவனிடம் உரிமையோடு கேட்கிற அந்தக் குரலை இரு தரப்பும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வள்ளலார் இதை வேறு விதமாகக் கையாண்டார். 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பத்தில் செய்த பேருபதேசத்தில், வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் எதிலும் லட்சியம் வைக்க வேண்டாம், அவை குழூஉக்குறியாகப் பேசுகின்றனவே தவிரத் தெய்வத்தின் உண்மையை வெளிப்படையாகச் சொல்லவில்லை, மண்ணைப் போட்டு மறைத்துவிட்டன என்றார். பக்திக்குள் நின்றுகொண்டே சொன்ன வார்த்தை இது. மூன்று மாதங்கள் கழித்து, 1874 ஜனவரி 30 அன்று, அவர் அதே ஊரில் ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் அவரைப் பற்றிய அற்புதக் கதை தொடங்கிவிட்டது. ஆங்கிலேய அதிகாரிகளும் பத்திரிகைகளும் இருந்த காலத்திலேயே, புராணத்தில் லட்சியம் வைக்காதே என்றவரைச் சுற்றி இவ்வளவு விரைவில் புராணம் எழுந்தது என்றால், 7ஆம் நூற்றாண்டுக்கும் 12ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் என்னென்ன எழுந்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். 1995 செப்டம்பரில் பிள்ளையார் பால் குடித்த நாளும் பலருக்கு நினைவிருக்கும். பரப்பு இழுவிசையும் நுண்புழை ஏற்றமும் என்று அறிவியலாளர்கள் விளக்கம் சொன்ன பிறகும், கரண்டியோடு வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டார்கள்?

சைவ சித்தாந்தம் அளவைகளைச் சுருக்கும்போது காண்டல், கருதல், உரை என்று மூன்றாக நிறுத்துகிறது. காட்சியும் அனுமானமும் முன்னே நிற்க, நூல் வாக்கு மூன்றாவதாக வருகிறது. அந்த வரிசையைப் புராணங்களுக்கும் பொருத்திப் பார்ப்பதில் சமய விரோதம் எதையும் நான் காணவில்லை.

இப்போதெல்லாம் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் நான் பதிகத்தை முதலில் படித்துக் காட்டுகிறேன். அப்பர் என்ன சொன்னார் என்பது ஒன்று, ஐந்நூறு ஆண்டு கழித்து அவரை நேசித்த இன்னொரு பெரும்புலவர் எப்படிச் சொன்னார் என்பது இன்னொன்று என்று பிரித்துச் சொல்வது அவர்களுக்குக் கடினமாக இருப்பதில்லை. நீலக்குடிப் பாட்டையும் மறைப்பதில்லை. நந்தனார் கதையைச் சொல்லும்போது, சுந்தரர் அவரிடம் செம்மையை மட்டுமே பார்த்தார், தீ பிறகு வந்தது என்று சொல்லிவிடுகிறேன். கோயில் மேடைகளில் சம்பந்தர் வரலாறு பேசுகிறவர்களும் கழுவேற்றத்தைச் சொல்வதானால், அதே மூச்சில் இளங்கௌதமனின் சித்தன்னவாசல் கல்வெட்டையும் சொல்ல வேண்டும். அதற்கு மனமில்லாதவர்கள் திருவேடகத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.